எஞ்சினுக்குக் காத்து வேணும்

ஹலோ... ஹலோ! கீழ் எஸ்டேட் டீ பேக்டரிதானே?... யாரு, ஆபீஸ் கிளார்க்கு பிச்சைமணி அண்ணாச்சியா? நான் மேல் பேக்டரி எஞ்சின் டிரைவர் அழகுமலை பேசுதேன்... ஆமா, ஆமா, இங்கயும் கரண்டு இல்ல. மரம் விழுந்து கம்பி அந்துபோச்சாம். சித்திரபுரத்துல இருந்து லைன்மேன் வரணுமாம்.

அண்ணாச்சி, ஒரு உதவி. ஒங்க எஞ்சின் ரூம்ல காத்து பாட்டில் ஒண்ணு அதிகப்படியா இருக்குல்லா?... ஐயோ, சோடா பாட்டில் இல்ல! ஆளு உசரத்துக்கு இரும்பு உருளை... ஆங், அதேதான். அத டிராக்டர்ல ஏத்தி விடணும்.

...எதுக்கா? டீசல் எஞ்சின எழுப்பத்தான். அம்மாம் பெரிய எஞ்சினக் கையால சுத்த முடியுமா? ஓடுறப்பவே அது ஒரு கம்ப்ரசர ஓட்டி, பாட்டிலுக்குள்ள காத்த அமுக்கி அமுக்கி வைக்கும். அந்த பலம் அப்படியே உள்ள அடங்கிக் கெடக்கும். வேணுங்கறப்ப வால்வத் தொறந்தா, காத்து சீறிப் போயி பிஸ்டன நெட்டித் தள்ளும். எஞ்சின் சுத்தும், டீசல் பத்திக்கும்...

...பேட்டரியா? இந்தக் குளுருல பேட்டரி செத்துருமே! ஆசிட்டு பாக்கணும், தட்டு அரிக்கும். காத்துக்கு அதெல்லாம் இல்ல. இறுக்கி மூடி வச்சா மாசக்கணக்காக் கெடக்கும்... ஆமா, ஆமா, நல்ல சாமான்தான்...

...எங்க பாட்டிலா? அது... காலி. வால்வு கசியுது போல...

...என்னது, அனுப்ப முடியாதா?... ம்... கசியுற எடத்துல மாட்டுனா ஒங்க காத்தும்தான் போகும்... நியாயந்தான்...

அண்ணாச்சி, வச்சிராதீங்க!... கசியல. பொய் சொல்லிட்டேன்... காத்தத் தீத்தது நான்தான்.

...கொஞ்சம் மெல்லப் பேசுங்க. ஊருல இருந்து எங்க பெரியப்பா மகன், பெரியமுத்து அண்ணன் வந்திருக்காக. வந்ததுல இருந்து, "மலையேறி வந்து மூஞ்சில கரி பூசிக்கிட்டுத் திரியுதியே"ன்னு ஒரே கேலி. காலையில எஞ்சின் ரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன். வால்வத் தொறந்தேன். ஒரே சீறல், எஞ்சின் எந்திரிச்சிட்டு. அண்ணன் வாயப் பொளந்து நின்னாக. ஒடனே நிறுத்திட்டு, திரும்ப எழுப்பிக் காட்டுனேன். மறுபடியும்... ஆமா, மறுபடியும்தான். பாட்டில் நெறையுற அளவுக்கு ஓடவே விடல. கடைசில உஸ்ஸுன்னு ஒரு சத்தம், எஞ்சின் அசையல. சரி, கரண்டு கம்ப்ரசர்ல நெரப்பிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கரண்டு போயிட்டு...

சிரிக்காதீங்க அண்ணாச்சி... சிரிங்க, பரவால்ல.

மெஷின்ல உருட்டுன தேயிலைக் கொழுந்து தரையில கெடக்கு. அதக் காய வைக்கிற ட்ரையர் ஓடலன்னா அம்புட்டும் புளிச்சு வீணாயிரும். மழையில நனஞ்சு பறிச்ச பொம்பளைங்க வாசல்லயே நிக்காக. "கரண்டு போனா அழகுமலை என்ன செய்வாரு, பாவம்"ன்னு எனக்காகப் பேசுதாக. கேக்கயில ஒடம்பே கூசுது...

...எங்க மேனேஜர் துரைகிட்டயா?... சரி... சரி, நானே சொல்லுதேன். கசிவுன்னு சொல்ல மாட்டேன்...

டிராக்டர் வருதா! ஆமா, ஆமா, சாக்கு சுத்திக் கெட்டியாக் கட்டச் சொல்லுங்க, வளைவுல உருண்டுறப்படாது... எறக்க ஆளா? இருங்க...

...அண்ணாச்சி, எங்க அண்ணன் கதவுகிட்ட நிக்காக. எஞ்சினுக்கு ஓய்வு குடுக்கணும்னு அவககிட்டயும் பொய்தான் சொல்லி வச்சிருந்தேன். இப்ப எல்லாத்தையும் கேட்டுட்டாக... இல்ல, திட்டல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "பாட்டில் எறக்க நானும் தோள் குடுக்கேன்டா"ங்காக...

...இல்ல அண்ணாச்சி, அழல. கேலி பண்ணியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்... வச்சிருதேன்.