சுண்டுவிரலில் தூக்கும் துப்பாக்கி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் நின்றால் போதும், தலைவலி வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அன்று முழுக்க நான் ஒன்றுக்கும் லாயக்கில்லை. இப்படிப்பட்டவன் இந்த ஊருக்கு வந்து பிழைக்கிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள் பாய். என் மனைவி ராதாவும் அதைச் சொல்லித்தான் சிரிப்பாள். நாங்கள் குடியிருக்கிற கராமாவில் வீட்டு வாசலிலிருந்து கார் நிற்கிற இடம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போகிற ஒரே ஆண்பிள்ளை நான்தான்.

இதையும் விசாரணை அதிகாரியிடம் அரபியில் சொல்லிவிடுங்கள். சம்பந்தமில்லாத பேச்சு என்று விட்டுவிடாதீர்கள், சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் கீழக்கரைக்காரர் என்றீர்கள். தமிழ் தெரிந்த ஒருவரை மொழிபெயர்க்க உட்கார வைத்தார்களே, அதுவே என் அதிர்ஷ்டம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்கள் நிதானமாக டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் கம்பெனி துப்பாக்கி செய்கிறது. பாலைவனத்துக்குள் ஒரு பெரிய தகரக் கொட்டகை, அதன் பின்னால் சுட்டுப் பார்க்கிற மைதானம். அங்கே நான் சோதனைப் பொறியாளர். ஒரு ரைஃபிளை இரண்டாகப் பிரித்தால் கீழ்ப்பாதியில் விசையும் கைப்பிடியும் இருக்கும். மேல்பாதியில் குழலும், தோட்டா வெடிக்கிற இடமும். இவற்றைத் தாங்குகிற கூட்டை நாங்கள் ‘அப்பர்’ என்போம். சுடுகிறவனின் கன்னத்துக்கு நாலு விரற்கடை தள்ளி இருப்பது அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் ஹஸ்னைன், லக்னோக்காரர். தங்கமான மனிதர், பேச்சில் தேன் ஒழுகும். அவருக்கு ஒரு வழக்கம். விருந்தாளி யார் வந்தாலும் ரைஃபிளைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டு, “தேக்கியே, பச்சா பீ உட்டா லேகா” என்பார். குழந்தைகூடத் தூக்கிவிடுமாம். துப்பாக்கியைக் குழந்தை ஏன் தூக்க வேண்டும் என்று இதுவரை ஒரு விருந்தாளியும் கேட்டதில்லை. பழைய அப்பரோடு அப்படித் தொங்கவிட்டதில் ஒருநாள் அவர் விரல் சுளுக்கிக்கொண்டது. லேசான அப்பர் என்ற யோசனை அந்தச் சுளுக்கில் பிறந்ததுதான்.

உலோகத்தை எங்கெங்கே சுரண்டலாமோ அங்கெல்லாம் சுரண்டினோம். சின்னச் சின்ன ஜன்னல் வைத்த வீடு மாதிரி அழகாக வந்தது. எனக்கும் பெருமைதான், மறுக்கவில்லை. கண்காட்சிக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ஹஸ்னைன் சாரின் படம், சுண்டுவிரல், அதில் ரைஃபிள். சுட்டுப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

சுட்டுப் பார்க்கிறவர் முனியசாமி. கமுதிப் பக்கம். பட்டாளத்தில் இருந்துவிட்டு இங்கே செக்யூரிட்டி வேலைக்கு வந்தவரை நான்தான் எங்கள் கம்பெனிக்கு இழுத்து வந்தேன். சொன்ன சொல் தட்டமாட்டார். எது எப்படி வேலை செய்கிறது, ஏன் செய்யவில்லை என்றெல்லாம் தலையைப் போட்டு உடைத்துக்கொள்கிற ஆளில்லை. “அதெல்லாம் சார் பாத்துக்கிருவாக” என்பதுதான் அவர் எப்போதும் சொல்வது. கேட்க எவ்வளவு நிம்மதியாக இருக்கும் தெரியுமா. இந்தக் காலத்தில் நம்மை நம்புகிறவர்கள் எத்தனை பேர்.

வெயில் எனக்கு ஆகாது என்றேன் அல்லவா. அதனால் சோதனை முழுவதையும் விடிந்தும் விடியாத நேரத்தில் வைத்துக்கொண்டேன். பாலைவனத்தில் சுடுவதற்கென்று செய்த ரைஃபிளைப் பாலைவனத்தின் வெயிலில் ஒருநாளும் சுட்டுப் பார்க்கவில்லை. அதிகாரி புருவத்தைத் தூக்குகிறார். இது என் ஒருவன் குற்றமில்லை என்று சொல்லுங்கள். இங்கே எல்லோருமே வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில்தான் வேலையை முடிக்கிறோம். நடைப்பயிற்சி, கிரிக்கெட், கான்கிரீட் போடுவது, எல்லாம் அப்படித்தான். வெயில் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு இங்கே வாழ முடியும், ஏசி மட்டும் ஓட வேண்டும்.

முதல் நாளே துப்பாக்கி அடம்பிடித்தது. சுட்ட தோட்டாவின் வெற்று ஓடு வெளியே தெறிக்காமல் வாயிலேயே மாட்டிக்கொண்டது. இந்த மாதிரிச் சமயத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். தோட்டா அடைக்கிற மேகஸினை மாற்றினேன். தோட்டாவை மாற்றினேன். எண்ணெயை மாற்றினேன். கடைசியில் முனியசாமியின் மணிக்கட்டில் வந்து நின்றேன்.

“கை தளர்ந்துபோயிருக்கு முனியசாமி. இறுக்கிப் பிடிக்கணும்.”

“வயசாகுதுல்ல சார். அதாம் போல” என்று சிரித்தார். அன்று சாயங்காலம் தொழிலாளர் கேம்ப்பில் தண்ணீர்க் கேனைத் தூக்கித் தூக்கி இறக்கி மணிக்கட்டுக்குப் பயிற்சி கொடுத்தாராம். மறுநாள் அவரே சொன்னார். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

ஆனால் கை இரும்பானாலும் ஓடு மாட்டத்தான் செய்தது. அப்புறம்தான் பிடிபட்டது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகச் சுடுகிறது, சூடேறினால் மக்கர். நான் தினமும் ஒரு ஐஸ் பெட்டி கொண்டுபோவேன், தயிர்சாதமும் லபன் மோரும் வைக்க. சில ரவுண்டு சுட்டதும் அப்பரைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். தயிர்சாதம் ஒரு பக்கம், அப்பர் ஒரு பக்கம். எடுத்து மாட்டினால் புதுமாப்பிள்ளை மாதிரி வேலை செய்தது. ஹஸ்னைன் சாரிடம் போய், “சார், சூடானால் கொஞ்சம் தகராறு பண்ணுகிறது” என்றேன்.

“தோ கரம் மத் ஹோனே தோ, முரளி பாய்” என்றார். சூடாக விடாதே, அவ்வளவுதான். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு எல்லாமே எப்படி எளிமையாகத் தெரிகிறது பாருங்கள்.

ரைஃபிளைச் சுட்டுக் காட்டுவதைப் பார்க்க விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள், மனசு கேட்காமல் அப்பருக்குச் சிவப்புச் சாயம் தடவித் துடைத்துப் பார்த்தேன். உலோகத்தில் வெடிப்பு இருந்தால் சாயம் உள்ளே இறங்கிக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். குழல் வந்து சேருகிற இடத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது, தலைமுடி மாதிரி. அழகான கோடு. நான் அதைத் துடைத்தேன். ஹஸ்னைன் சாரிடம் சொல்லவில்லை. அவர் சூட்டைப் பற்றித்தான் பேசியிருந்தார், வெடிப்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

முனியசாமி ஒன்று கேட்டார், அது உண்மை. மறுநாள் காலையில் ரைஃபிளைக் கையில் வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் லீவில் ஊருக்குப் போகிறவர். அட்டைப்பெட்டியைக்கூடக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

“சார், தப்பா நெனச்சுக்கிராதீக. இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தப் பழசைப் போட்டுக்கிருவமா? எனக்கென்னமோ மனசு ஒப்பல. மூஞ்சிக்குப் பக்கத்துல இருக்கு.”

“இது புதுசு முனியசாமி. நேத்துதான் மாத்தினேன்.”

“மாத்திட்டீகளா? அப்பச் சரி சார்.”

மாற்றவில்லை. இதை அவரிடம் அப்போது சொல்லியிருந்தால் வீணாகப் பயந்திருப்பார், கை நடுங்கியிருக்கும். பழைய அப்பர் மேஜைக்கு அடியிலேயே பெட்டியில் இருந்தது. மாட்டுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஆனால் ஹஸ்னைன் சாரின் சுண்டுவிரலை யோசித்துப் பாருங்கள். நோட்டீஸை யோசித்துப் பாருங்கள். வெடிப்பு என்று வாயைத் திறந்தால் முதலில் வேலை போகும், வேலை போனால் விசா போகும், மகள் ஷ்ருதிக்கு இது பத்தாம் வகுப்பு. நான் குடும்பஸ்தன் பாய்.

விருந்தாளிகள் காலை ஆறரைக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஐஸ் பெட்டியை நிரப்பிக்கொண்டு காத்திருந்தேன். எட்டாயிற்று, பத்தாயிற்று. பெரிய மனிதர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தால் பெரிய மனிதர்கள் என்று யார் மதிப்பார்கள். ஐஸ் உருகித் தண்ணீராகி, தண்ணீர் வெந்நீராயிற்று. ரைஃபிள் விரிப்பு போட்ட மேஜையில், வரவேற்புக்காக, வெயிலில் கிடந்தது. நிழலில் வைத்தால் படம் நன்றாக வராது என்றார் ஹஸ்னைன் சார்.

பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வந்தார்கள். இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. கோடைக்காலத்தில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை எந்தத் தொழிலாளியையும் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மிக நல்ல சட்டம், மனிதாபிமானமுள்ள சட்டம். இத்தனை வருஷத்தில் நான் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. முனியசாமி தொழிலாளி. அவரைப் பன்னிரண்டரைக்குள் நிழலுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குள் எல்லா ரவுண்டையும் சுட்டாக வேண்டும். இடையில் நிறுத்தி ஆறவிட நேரமேது? அவருடைய நன்மைக்காகத்தான், “யல்லா முனியசாமி, நிறுத்தாம சுடு” என்றேன்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். விருந்தாளிகளைப் பார்த்து, “வெயில் அதிகம், நிழலுக்கு வாருங்கள்” என்று கூப்பிட்டேன். நிழல் என்றால் தடிமனான, குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் உள்ள அறை. ஹஸ்னைன் சாரையும் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப்போனேன். டீ ஊற்றிக்கொண்டிருந்த பையனையும் கூப்பிட்டேன். போட்டோ எடுக்க வந்தவரையும் விடவில்லை. எனக்கு வெயில் ஆகாது, அதனால் மற்றவர்கள் வெயிலில் நிற்பதையும் என்னால் பார்க்க முடியாது.

முதல் இரண்டு மேகஸின் அருமையாகப் போயிற்று. கைதட்டினார்கள். மூன்றாவதில் சத்தம் வேறுமாதிரி இருந்தது. அப்பர் சரியாக அந்தக் கோட்டின் வழியே விரிந்திருந்தது. சாயம் பொய் சொல்லவில்லை. தொழில்முறையில் எனக்கு அது ஒரு திருப்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முனியசாமிக்கு முகம் முழுக்கக் கட்டு. இரண்டு கண்ணும் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் முதலில் பேசினார்.

“சார், நான் இறுக்கிப் பிடிக்கலையோ?”

நான் கொஞ்சம் யோசித்தேன். சாகக் கிடக்கிறவரிடம் உலோகம், வெடிப்பு என்று விளக்கிக்கொண்டிருப்பது நாகரிகமில்லை. “கொஞ்சம் தளர்ந்துபோச்சு முனியசாமி. பரவாயில்லை” என்றேன்.

“வந்தவுக முன்னாடி ஒங்க பேரக் கெடுத்துப்புட்டேன். மன்னிச்சிருங்க சார். வடிவுகிட்ட மட்டும் நீங்களே பதமாச் சொல்லிருங்க.”

விடிவதற்குள் போய்விட்டார். அவர் மனைவி வடிவுக்கு நான்தான் போன் செய்தேன். கை தவறிவிட்டது என்று பதமாகத்தான் சொன்னேன். அந்த அம்மாள் அழுதுகொண்டே, “அவுகளால ஒங்களுக்கு ஏதும் கெட்ட பேராய்யா?” என்று கேட்டது. உடம்போடு அந்த அட்டைப்பெட்டியையும் அனுப்பி வைத்தேன். விமான நிலையத்தில் பெட்டி எடை கூடுதல் என்றார்கள். எடுக்கக்கூடியதை எடுத்து லேசாக்கினோம்.

இப்போது அதிகாரி ஒரு வீடியோவைக் காட்டுகிறார். யாரோ ஒரு விருந்தாளி போனில் எடுத்தது. வெயிலில் நின்ற எல்லோரையும் ஒருவர் விடாமல் நான் கண்ணாடிக்குப் பின்னால் கூட்டிப்போகிறேன், ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிடுகிறேன். வெடிக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறார். தெரியும். தெரியாமலா டீ ஊற்றுகிற பையனைக்கூட உள்ளே கூப்பிட்டேன்? பூசி மெழுக எனக்கு வராது. அப்படியே மொழிபெயருங்கள்.

இன்னும் ஒரு வரி இருக்கிறது பாய், அதை விட்டுவிடாதீர்கள். அதை ஊருக்கும் தெரியப்படுத்தச் சொல்லுங்கள், வடிவுக்கு ஆறுதலாக இருக்கும். முனியசாமி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் கேட்டதும் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.