சவரிமுத்து சாரின் பட்டன்

பிள்ளைகளே, கிருஷ்ணகிரி போகும் பேருந்தில் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். முன் இருக்கையில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும். இருவர் கழுத்திலும் ஒரே ஃபைனான்ஸ் கம்பெனியின் அடையாள அட்டை.

“அவரு கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல இருந்த பட்டனை நான்தான் எடுத்தேன்க்கா.”

“யாரு கம்ப்யூட்டர்ல?”

“சவரிமுத்து சாரோடது. லோன் பாஸ் பண்றவங்க குரூப்ல இருந்து அவரை எடுத்துட்டு, சும்மா பாக்கறவங்க குரூப்ல போடுன்னு மேனேஜர் சொன்னாரு. அப்படி மாத்துனா பாஸ் பண்ற பட்டன் ஸ்கிரீன்ல வராது. சார்கிட்ட நானே பேசிக்கறேன்னாரு. பேசவே இல்ல.”

“அப்புறம்?”

“காலைல சார் என்னையே கூப்பிட்டு, ‘பாஸ் பண்ற பட்டனைக் காணோம், பாரு தம்பி’ன்னாரு. சர்வர் கோளாறுன்னுட்டேன்.”

“அடப்பாவி, மூஞ்சிக்கு நேராவே பொய்யா?”

“லோன் கேட்டு வந்தவங்க எதிர்லயே உக்காந்திருந்தாங்கக்கா. அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? சாயந்திரம் வரைக்கும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டே இருந்தாரு.”

“இன்னும் தெரியாதா அவருக்கு?”

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கிளம்பறப்ப தனியா கூப்பிட்டாரு. ‘நான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல. மேனேஜருக்குத் தெரியாம சரி பண்ணிக் குடுத்துடு தம்பி’ன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“சரி சார்னேன்.”