கட்டி வைத்த அரிசி டிரம்

"ஆத்துத் தண்ணி ஏறிருச்சு! வெளிய வாங்க! எல்லாரும் வெளிய!"

பக்கத்து வீட்டு மணி அண்ணன் கத்துகிறார். மலேசியாவில் சிகாமட். விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர் முட்டியைத் தாண்டிவிட்டது. என் இடுப்பில் மகள் கவிதா. ஏழு வயது. கணவர் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார். ரோட்டில் வெள்ளம். அவரால் வர முடியாது.

அடுப்படிக்கு ஓடுகிறேன். அரிசி டிரம் மிதக்கிறது. அதுதான் எங்கள் மாதம். முந்தின நாள்தான் மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். அரிசி, பருப்பு, நெத்திலி, உருளைக்கிழங்கு. இவை இருந்தால் எப்படியும் ஓட்டிவிடுவேன். திங்கள் பருப்பு. செவ்வாய் நெத்திலிச் சம்பல். புதன் முட்டைக் குழம்பு. வியாழன் மறுபடியும் பருப்பு. கோழி ஞாயிறன்று மட்டும். வியாழன்தோறும் கவிதா தட்டைப் பார்த்து முகம் சுளிப்பாள். "அலமாக், திரும்பப் பருப்பாம்மா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நான் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். வெள்ளம் என்றால் அங்கே ஆட்டைக் கட்டுவார்கள், கட்டிலைக் கட்டுவார்கள், அண்டாவையும் கட்டுவார்கள். டிரம்மின் மூடியை அமுக்கினேன். ரேஃபியா கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினேன். வேறெதையும் எடுக்க நேரமில்லை.

மீட்புப் படகு வந்தது, ஏறிவிட்டோம். டொக். டொக். வீட்டுக்குள் டிரம் ஜன்னல் கம்பியில் இடிக்கிறது. அந்தச் சத்தம் எனக்குத் தெம்பாக இருந்தது. சோறு பத்திரம். படகு மணி அண்ணன் வீட்டு வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டே நிற்கிறது. தண்ணீர் ஏறுகிறது. சத்தம் நின்றது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

பள்ளி மண்டபத்தில் தங்கவைத்துச் சோறும் சார்டின் மீனும் கொடுத்தார்கள். நன்றாகத்தான் கவனித்தார்கள், பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போனதும் என்ன சமைப்பது என்பதுதான் என் கவலை. அரிசி இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்தது. திரும்பினோம். கதவைத் திறந்ததும் புளித்த நாற்றம். டிரம் கட்டிய இடத்திலேயே கிடந்தது. தண்ணீர் ஏற ஏற, கயிறு அதை மேலே வர விடவில்லை. மூழ்கி, மூடி திறந்து, அரிசி ஊதிப்போயிருந்தது. எதிர்வீட்டு யா அக்கா, மலாய்க்காரர், தன் டிரம்மைக் கட்டவே இல்லை. அது மிதந்து போய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஒதுங்கியிருந்தது. உள்ளே ஒரு மணிகூட நனையவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்வார்கள். நான் கயிறு போட்டேன். சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

யா அக்கா தன் அரிசியில் பாதியை அள்ளி வந்தார். கொஞ்சம் பருப்பும். "அம்பில் லா," எடுத்துக்கொள் என்றார். அவ்வளவுதான்.

அன்று வியாழன். கல் கூட்டி அடுப்பு மூட்டிப் பொங்கிய பருப்புச் சோறு. கவிதா முகம் சுளிக்கவில்லை. தட்டை வழித்துத் தின்றாள். பிறகு, மண்டபத்தில் கொடுத்த அவள் தலையணையைத் தட்டிப் போட்டேன். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பிடி சோறு கீழே விழுந்தது. அதைத் திரும்ப உறைக்குள்ளேயே வைத்தேன்.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாத அரிசி. பருப்பு, நெத்திலி, உருளைக்கிழங்கு. கேஸ் அடுப்பு. கவிதாவின் பள்ளிக் காலணி. உயிர்ச்சேதம் இல்லை, கடவுள் புண்ணியம். எல்லாரும் திரும்பிவிட்டோம். தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் என் மகள் மட்டும் இன்னும் வீடு வந்து சேரவில்லை.