மடியில் கவிழ்த்த விளம்பரம்

பெருநகர் என்ற ஊரிலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில், சித்தாள் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள். போனில் பழம் அடுக்கும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த மூத்தவள் சட்டென்று போனை மடியில் கவிழ்த்தாள்.

“இன்னாக்கா, கவுத்துட்ட?”

“ரம்மி விளம்பரம் வருது. அத்த மூட்ற குறி தலப்பேன் சைஸுல கீது. வெரலு தவறிப் பட்டா ரம்மிக்குள்ளயே இட்டுக்கினு போறான். என் தம்பி அப்டி உள்ள போய்த்தான் பைக்க வித்தான்.”

“கம்பெனிக்கு எழுதிப் போடேன்.”

“போட்டேன். நன்றின்னான். மறுபடியும் அதே விளம்பரத்தத்தான் காட்றான்.”

“இத்தத் தடுக்கச் சட்டம் கீதுன்றாங்களே?”

“இருந்துட்டுப் போட்டும். அது இங்க வந்து சேர்ற வரைக்கும் நான் இத்தப் பாத்துக்கினு இருக்கணுமா?”

மடியிலிருந்து விளம்பரப் பாட்டு கேட்டது. இளையவள் எட்டிப் பார்த்தாள்.

“பாடிக்கினு கெடக்கட்டும் வுடு. என் பொடவைக்குச் சீட்டாடத் தெரியாது.”