ஆடுற பல்லு

இல்லண்ணே, பாப்பா இன்னிக்கு ஸ்கூலுக்கு வரல. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு எடத்துல விட்டிருக்கேன். எங்கன்னு கேக்காதீங்க. உங்களப் பாக்கத்தான் வந்தேன். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்குல்ல, இப்படி வேன் முன் சீட்டுல உக்காந்துக்கறேன். அந்தக் கண்ணாடிய ஏத்திடுங்க. புழுக்கமா இருந்தா இருக்கட்டும். உங்க பையன் நல்லாருக்கானா? ஏன் திடுக்குன்னு பாக்கறீங்க, சும்மாதான் கேட்டேன்.

ஒரு நாள் கேட்டீங்கள்ல, எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறேன்னு? கணக்கு எழுதற வேலைன்னு சொல்லி மழுப்பிட்டேன். முழுப் பொய்யில்ல. கட்சிக்காரங்களுக்கு எவன் பணம் குடுக்கறான், குடுத்தவனுக்கு அப்புறம் என்ன கெடைக்குதுன்னு தோண்டித் துருவி ஊருக்குச் சொல்றதுதான் எங்க வேலை. லாபத்துக்கு நடத்துறதில்ல, நாலு பேரு சேந்து வச்சிருக்கற அமைப்பு. பெருசா நெனச்சுக்காதீங்க. தையக்கடைக்கு மேல ரெண்டு ரூமு, பேப்பர மென்னு துப்புற ஒரு பிரிண்டரு, அவ்வளவுதான். ஒரு வக்கீலம்மா நடத்துறாங்க.

எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. எதையும் வெளியிடறதுக்கு முன்னாடி, யாரப் பத்தி எழுதியிருக்கோமோ அவங்களுக்கே ஃபோனப் போட்டு, இந்த மாதிரி எழுதியிருக்கோம், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுடுவோம். அதுதான முறை. அந்த ஃபோன் பண்றது என் தலையில விழுந்த வேலை. என் கொரல் சாந்தமா இருக்காம். பாதிப் பேரு திட்டுவாங்க, கேசு போடறேன்பாங்க. ஒருத்தரு எங்கம்மாவையும் சேத்துத் திட்டினாரு. அதையும் எழுதிக்கிட்டு, வேற ஏதாச்சும் சேக்கணுமா சார்னு கேட்டேன். திட்டினா எனக்கு நிம்மதிண்ணே. திட்டறவன் அதோட விட்டுடுவான்.

நேத்து மத்தியானம் பண்ணினது அப்படியில்ல. ஒரு மந்திரியோட உதவியாளர். புது ஆஸ்பத்திரி கட்டற கான்ட்ராக்ட் யாருக்குப் போச்சோ, அந்தாளு தேர்தலுக்கு முன்னாடி மந்திரியோட மச்சான் டிரஸ்டுக்கு அள்ளி அள்ளிக் குடுத்திருக்காரு. அதுக்கு ஆதாரம் இருக்கு. நான் படிக்கப் படிக்க அந்த உதவியாளரு பொறுமையா உம் கொட்டிக்கிட்டே இருந்தாரு. கடைசியில, ரொம்ப உழைச்சிருக்கீங்கம்மான்னாரு. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. அப்புறம் சொல்றாரு, பாப்பாவுக்கு முன்னம்பல்லு விழுந்துடுச்சாமே, பத்திரமாப் பாத்துக்கங்கம்மான்னு.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? இல்ல சார், இன்னும் விழல, ஆடிக்கிட்டுதான் இருக்குன்னு பதில் சொல்றேன். பைத்தியக்காரி. காலையில நாந்தான தொட்டுப் பாத்து அனுப்பினேன். அவரு மெல்லச் சிரிச்சிட்டு வச்சிட்டாரு. வச்சப்புறம்தான் எனக்கு ஒறைக்குது. எம் பொண்ணு பல்லுக்கும் அந்தாளுக்கும் என்ன சம்பந்தம்?

சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், வாசல்லயே நிக்கறா, ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு. கைய எடுத்தா பொக்கை. ஈன்னு இளிக்கறா. எனக்கே தெரியறதுக்கு முன்னாடி அந்த உதவியாளருக்குத் தெரிஞ்சிருக்குண்ணே. என் மூஞ்சி போன போக்கப் பாத்து அவ அழ ஆரம்பிச்சிட்டா. அம்மா சந்தோஷப்படுவான்னு நெனச்சிருக்கா, பாவம். அழுது அழுது அப்படியே தூங்கிட்டா. ஒண்ணும் கேக்க முடியல.

பயமாத்தான் இருக்கு, பொய் சொல்லுவானேன். எங்க வீட்டுக்காரரு, ஸ்கூல்ல யாராச்சும் பேச்சுவாக்குல சொல்லிருப்பாங்கன்றாரு. அந்த மனுஷனுக்கு வீடே பத்தி எரிஞ்சாலும் யாரோ அடுப்பு பத்த வச்சிருக்காங்கன்னுதான் தோணும். வக்கீலம்மா என்னடான்னா, உம் பொண்ணு விஷயம், நீதான் சொல்லணும், வேணாம்னா அறிக்கைய நிறுத்திடறேன், சாயங்காலத்துக்குள்ள சொல்லுன்னுட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். நான் ஒரு வார்த்த சொன்னா எல்லாரோட உழைப்பும் குப்பைக்குப் போகுது. சொல்லலன்னா எம் பொண்ண எவனோ பாத்துக்கிட்டே இருக்கான்.

காலையில க்ளாஸ் மிஸ்ஸுக்கு ஃபோன் பண்ணினேன். பல்லா, எப்ப விழுந்துச்சுன்னு அவங்க என்னையே திருப்பிக் கேக்கறாங்க. அப்புறம் பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு மெல்ல விசாரிச்சேன். நாள் பூரா வாயத் தெறக்கவே இல்லையாம். சாப்பிடறப்பகூட கையால மறைச்சுக்கிட்டாளாம். அம்மாகிட்டத்தான் மொதல்ல காட்டணுமாம்.

தண்ணி குடிங்கண்ணே. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

பல்லு இந்த வண்டியிலதான் விழுந்துச்சாம். காலையில மொதல்ல அவளத்தான ஏத்துறீங்க, மத்த புள்ளைங்க யாரும் ஏறல, உங்களத் தவிர வேற யாரும் பாக்கல. நீங்கதான் கைக்குட்டையால ரத்தத்தத் தொடச்சு விட்டீங்களாம். பல்ல பேப்பர்ல மடிச்சு அவ பையில வச்சு, யாருக்கும் காட்டாத, அம்மாவுக்குத்தான் மொதல்லன்னு சொல்லிக் குடுத்தீங்களாம். டிரைவர் மாமா ரொம்ப நல்லவருன்றா. நானும் அப்படித்தாண்ணே நெனக்கிறேன். இப்பவும்.

சண்டை போட வரல. போலீசுக்கும் போகல. அழாதீங்க, கண்ணத் தொடைங்க, புள்ளைங்க வர்ற நேரம். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. அந்த மந்திரி ஆளுங்க உங்ககிட்ட வந்து பாப்பாவப் பத்திக் கேட்டப்ப, உங்க பையனப் பத்தி என்ன சொன்னாங்க?