ஜன்னலைப் பார்த்த கப்புகள்

சர்ர்ருனு ஒரு சத்தங்க தம்பி. நான் டீ ஃபேக்டரி ஆபீசுல டைப்பிஸ்ட்டாச் சேர்ந்த அன்னைக்குக் கேட்டது, முப்பத்தஞ்சு வருசமாச்சு. பட்டுத்துணியக் கிழிக்கிறாங்கன்னு நினைச்சேன். எட்டிப் பார்த்தா, டீயோட தரம் பார்க்க அப்போ இருந்த டேஸ்டர் கரண்டியில டீய உறிஞ்சி, வாய்க்குள்ள உருட்டித் துப்புறாரு. சத்தத்துக்குத்தான் சம்பளமாட்ட இருக்குதுன்னு சிரிச்சுக்கிட்டேன்.

ஏனுங்க, சின்னம்மை உங்க லேபர் ஆபீசுல குடுத்த மனுவுல எம்பேரச் சாட்சியாப் போட்டிருக்குறாங்களா? போடுவாங்க. அவங்களுக்கு வேற யாரு இருக்குறாங்க.

கப்பு கழுவ வந்தவங்க தம்பி அவங்க. சிலோன்ல இருந்து வந்த குடும்பம். டேஸ்டர் துப்பிட்டுப் போனதும் மிச்சத்துல ஒரு வாய் குடிச்சுப் பார்ப்பாங்க. அப்படியே நாக்கு படிச்சுக்கிச்சு. இந்தத் தேத்தண்ணி கருகினதும்மா, இது இலை சரியா வாடலைம்மான்னு சொல்லுவாங்க. தப்பவே தப்பாது.

அப்புறம் ரவிச்சந்திரன் டேஸ்டரா வந்தாரு. பரீட்சையா? அதெல்லாம் இல்லீங்க, ஆபீசுல சொல்லி வாங்கினது. ரெண்டே வருசத்துல கொரோனாக் காய்ச்சல். காய்ச்சல் போச்சு, கூடவே வாசனையும் போச்சு. மல்லிகப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒண்ணாயிருச்சு. சின்னம்மைதான் பாவப்பட்டு வழி பண்ணுனாங்க. முன்னாடியே குடிச்சுப் பார்த்துட்டு, நல்ல டீன்னா கப்போட காத ஜன்னல் பக்கம் திருப்பி வெப்பாங்க. மட்டம்னா செவுத்துப் பக்கம். இவரு வந்து சத்தமா உறிஞ்சிட்டு, காதப் பார்த்து எழுதிருவாரு. நாலு வருசம், குன்னூர் ஏலத்துல ஒரு குறை வந்ததில்லை. அவரு ஒரு நாள்ல வாங்குன கூலிக்கு இவங்க அஞ்சு நாள் கப்பு கழுவோணும்.

ஏமாத்துதானான்னா... அவங்களாத்தானே செஞ்சாங்கன்னு சில நாள் தோணும். அவங்க கேட்டிருந்தா யாரு குடுத்திருப்பாங்கன்னும் தோணும்.

போன சித்திரையில மக பிரசவத்துக்கு லீவு போட்டாங்க. பதிலுக்கு வந்த புள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. பார்க்க அழகா இருக்கட்டும்னு எல்லாக் காதையும் ஜன்னல் பக்கமே திருப்பி வெச்சிருச்சு. ரவிச்சந்திரன் அத்தனையும் முதல் தரம்னு எழுதிட்டாரு. ஏலத்துல எடுத்தவங்க மூட்டையோட திருப்பி அனுப்பிட்டாங்க. பழி சின்னம்மை மேல வந்துச்சு. லீவு சொல்லாம நின்னுட்டாங்க, அதனால கப்பு மாறிப்போச்சுன்னு வேலைய விட்டு எடுத்தாங்க. அந்த லெட்டர நாந்தான் அடிச்சேன். நல்ல இங்கிலீசு. ஒரு வார்த்தை அதிகமில்லை.

லீவுச் சீட்டுங்களா? குடுத்தாங்க. எங்கிட்டத்தான் குடுத்தாங்க.

அத எழுதாதீங்க தம்பி. உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன். பேப்பர்ல தெரியாதுன்னே போட்டுக்குங்க. கையெழுத்து எங்க?

என்ன திரும்பிப் பார்க்கறீங்க? அந்தச் சத்தமா? எம் பையன் ரவி. டீ குடிக்கிறான். ஊட்டுலயும் அப்படித்தான் உறிஞ்சறான், பழக்கமாயிருச்சு.

சின்னம்மைங்களா? வெலிங்டன் பஸ் ஸ்டாப் டீக்கடையில கிளாஸ் கழுவுறாங்க.