மாவைத் தொடலாம்

ராதா: ம்… மாவு பிசைஞ்சாச்சு. அப்புறம்?

பஞ்சவர்ணம்: அப்புறம் என்னக்கா அப்புறம். ரொட்டி சுட்டாக. நான் பஸ் புடிச்சு நம்ம குசைஸ் ரூமுக்கு வந்து சேந்தேன்.

ராதா: சும்மா கேட்டா இப்படி எரிஞ்சு விழுறியே.

பஞ்சவர்ணம்: சும்மாவா? மத்த நாளு அந்த வீட்டப் பத்தி மூச்சு விட மாட்டே. வெள்ளிக்கெழம மட்டும் நான் செருப்பக் கழட்டுறதுக்குள்ள அப்புறம் அப்புறம்ங்குறே. அந்த யூதக்காரக வீட்டு அடுப்படியில உனக்கு அப்படி என்ன சோலி?

ராதா: எனக்கு அப்புறம்தானே நீ அங்க வேலைக்குப் போனே. பழகின வீடு. மேடம் பொண்ணு தாலியா பாப்பா மேல ஒரு பாசம்.

பஞ்சவர்ணம்: பாசக்காரி எதுக்கு வேலைய விட்டே?

ராதா: முதுகு வலின்னு சொன்னேன்ல.

பஞ்சவர்ணம்: முதுகு வலிக்காரிதான் இப்ப மூணு வீட்டுல தரை தொடைக்கிறியாக்கும்.

ராதா: ஊர்த் தேரே உங்க வீட்டு வாசல்ல நின்னுதான் போகும்னு சொன்னவளாச்சே. அதிகாரமாத்தான் கேப்பே.

பஞ்சவர்ணம்: தேர விடு. ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. என்னப் பத்தி மேடம்கிட்ட ஏதாச்சும் சொன்னியா?

ராதா: நல்ல பொண்ணு, கை சுத்தம்னு சொன்னேன்.

பஞ்சவர்ணம்: வேற?

ராதா: வேற சொல்ல என்ன இருக்கு?

பஞ்சவர்ணம்: எங்கூரு பாண்டித்துரை பார்சல் கொண்டாந்தப்ப கீழ நின்னு அம்புட்டு நேரம் பேசுனியே…

ராதா: அவரா? அல் கூஸ் லேபர் கேம்ப்ல மூட்டப்பூச்சித் தொல்லைன்னு ஒரே புலம்பல். உன் பேர்கூட எடுக்கல. ஏன், எடுத்தா என்ன?

பஞ்சவர்ணம்: ஒண்ணுமில்ல.

ராதா: …கண்ணு ஏன் வீங்கியிருக்கு? சுவிட்சத் தொட்டுட்டியா? …ஏன்டி அப்படிப் பாக்குறே?

பஞ்சவர்ணம்: சுவிட்சுன்னு நான் வாயே தொறக்கலியே.

ராதா: ஒரு பேச்சுக்கு…

பஞ்சவர்ணம்: பேச்சுக்கில்ல. ஓவன் சுவிட்ச நாம தொடக்கூடாதுன்னு உனக்கு முன்னமே தெரியும். தெரிஞ்சும் வாயப் பொத்திக்கிட்டு என்ன அனுப்பியிருக்கே.

ராதா: நடந்ததச் சொல்லு மொதல்ல.

பஞ்சவர்ணம்: பொழுது சாஞ்சுக்கிட்டே போகுது. வெள்ளிக்கெழம வெளக்கேத்துறதுக்குள்ள அவுக எல்லாத்தையும் சுட்டு முடிக்கணும்ல. மேடம் போன்ல இருந்தாக. பாப்பாவும் நானும் மாவச் சட பின்னுற மாதிரி பின்னி, முட்டையும் தடவி வச்சுட்டோம். நேரமாகுதேன்னு நாந்தான் ஓவனப் போட்டேன். எப்பவும் பாப்பாதான் போடும். அது வெளையாட்டுன்னுல்ல நெனச்சேன். "நோ, நோ, யூ கான்ட்"னு பாப்பா ஒரு கத்து. மேடம் ஓடியாந்து, அத அணச்சுப்புட்டு, பாப்பா வெரலப் புடிச்சு மறுபடி போட வச்சாக.

ராதா: திட்டினாங்களா?

பஞ்சவர்ணம்: திட்டியிருந்தா ஆறிப்போயிருக்கும். சிரிச்சுக்கிட்டே அணச்சாக. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. பாத்ரூமுக்குள்ள போயி அழுதேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

ராதா: என் கையையும் அப்படித்தான்… சிரிச்சுக்கிட்டேதான் எடுத்து விட்டாங்க.

பஞ்சவர்ணம்: ஒன்னையுமா?

ராதா: அதுதான் முதுகு வலி.

பஞ்சவர்ணம்: ஆனா மாவப் பிசைய விடுறாகளேக்கா. கை ஆகாதுன்னா மாவுக்கு மட்டும் ஆகுமா?

ராதா: அதான் எனக்கும் பிடிபடல. மாவுல ஒரு உருண்ட கிள்ளி, ஏதோ முணுமுணுத்துட்டு, கருக்கிப் போடுவாங்களே… என் கை பட்டதுக்குக் கழிப்புன்னே நெனச்சேன்.

பஞ்சவர்ணம்: அது சாமிக்குக் குடுக்குற பங்காம். பாப்பா சொல்லுச்சு.

ராதா: சொல்லும், சொல்லும். அந்த சுவிட்ச வேற யாராவது தொட்டு…

பஞ்சவர்ணம்: இரு, நான் முடிக்கல. அழுதுட்டு வெளிய வந்தா, பக்கத்து வில்லா வெள்ளக்காரம்மா நிக்குது. நாயக் கூட்டிட்டுப் போகவே ஒரு ஆளு வச்சிருக்குமே, அதுதான். ரொட்டி வாசம் புடிச்சு வந்துருச்சு. டைமர் முடிஞ்சு ஓவன் அணஞ்சு கெடந்துச்சு. இன்னொரு தட்டு பாக்கி. நான் போடுறேன்னு அது கைய நீட்டுச்சு.

ராதா: போட விட்டாங்களா?

பஞ்சவர்ணம்: எதுக்கு என் கைய இம்புட்டு இறுக்குறே?

ராதா: சொல்லுடி. விட்டாங்களா?

பஞ்சவர்ணம்: அதே கத்து. மேடத்துக்கும் அதே சிரிப்பு. வெள்ளக்காரம்மா கைய இழுத்துக்கிட்டு ஸாரி ஸாரிங்குது. அப்புறம் மேடம் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாக. மாவ யாரு பிசைஞ்சாலும் சரியாம். நெருப்பு மட்டும் யூத ஆளுகள்ல ஒருத்தர் போடணுமாம், சின்னப் புள்ளையா இருந்தாலும். வர்றது ராசாவா இருந்தாலும் இதே சட்டந்தானாம். மொதல்லயே சொல்லாதது என் தப்புன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாக. இந்தா, பாப்பா குடுத்து விட்ட ரொட்டி. அது பாதி பின்னுச்சு, நான் பாதி. …ஏன்க்கா அழுகுறே?

ராதா: வெள்ளக்காரிக்கும் அதே கத்தா?

பஞ்சவர்ணம்: அதே கத்து. பேச்ச மாத்தாத. தெரிஞ்சும் எதுக்கு என்ன அனுப்புனே? நானும் அசிங்கப்படணும்னா?

ராதா: உன்ன அசிங்கப்படுத்த மாட்டாங்கன்னு நெனச்சுத்தான்டி அனுப்பினேன். எங்க ஊர் டீக்கடையில எங்க தெருவுக்குன்னு தனி கிளாஸ். குடிச்சுட்டு நாங்களே கழுவிக் கவுத்து வைக்கணும். கடல் தாண்டி வந்தும் எவனோ நான் இன்னாருன்னு மேடம்கிட்ட சொல்லிட்டான்னே நெனச்சேன். நீ தேரு நிக்கிற வீடு. உன்னத் தொட விட்டா, என்ன விலக்குனது அதுக்குத்தான்னு தெரிஞ்சு போகும். விடலன்னா எனக்கு நிம்மதி. அதான் வெள்ளிக்கெழமையானா கேட்டேன். உன்கிட்ட மறைச்சுத்தான் இத்தன நாளும் உன்கூட சேந்து சாப்பிட்டேன். இனிமே தட்டத் தனியா வைன்னு சொன்னாலும் சரி… வச்சுக்கிறேன்.

பஞ்சவர்ணம்: ஒரே தட்டா எடு. …எங்கூருத் தேரு எங்க தெருப் பக்கம் திரும்புனதே இல்லக்கா.